மாருதி 800 ஆயில் பம்ப்: வீட்டிலேயே கழற்றி, அளந்து, மாற்றும் முழு வழிகாட்டி

சிக்னலில் நிற்கும்போது மட்டும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். என் 2004 மாடல் மாருதி 800இல் இது ஆரம்பித்தபோது இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு பேரும் பானெட்டைக்கூடத் திறக்காமல் “ஆயில் பம்ப் போச்சு சார்” என்றார்கள். கடைசியில் நானே படுத்து இறக்கிப் பார்த்தேன். பம்ப் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அது தேய்ந்ததற்கான காரணம் சம்ப்புக்குள், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள், கிடந்தது. அதை விட்டுவிட்டுப் புதுப் பம்பை மட்டும் மாட்டியிருந்தால், அதுவும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, மாற்றுவதைப் பற்றியது அல்ல, பார்ப்பதைப் பற்றியது. பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கழற்றும் பகுதிக்குப் போகலாம். போகாதீர்கள் என்பேன்.

இங்கே சொல்வது 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு எஃப்8பி இன்ஜினுக்கு. 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதியிலிருந்து 800இல் ஓடிய இன்ஜின் இது. ஆம்னியிலும் இதே இன்ஜின்தான், ஆனால் அங்கே அது முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கை போகும் வழி மாறும். பம்பின் அமைப்பும் அளக்கும் முறையும் ஒன்றே.

பம்ப் எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது

பைக்கில் ஆயில் பம்ப் என்றால் கையடக்கமான ஒரு தனிப் பொருள். இங்கே அப்படியில்லை. டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்தில், கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) முனையைச் சுற்றி, இன்ஜின் பிளாக்கின் முகத்தில் உட்காரும் அலுமினியக் கேஸ்தான் பம்ப். கிராங்கின் முன் ஆயில் சீலும் அதே கேஸில்தான் இருக்கிறது. ஆகவே பம்பைத் தொட வேண்டுமானால் டைமிங் பெல்ட்டும் கழற்ற வேண்டும், சம்ப்பும் இறக்க வேண்டும். வேலை பெரிதாவதற்குக் காரணம் இதுதான். பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றப் பத்து நிமிடம் போதும். அதுவரை போய்ச் சேர அரை நாள்.

கேஸுக்குள் இரண்டு ரோட்டர்கள். உள் ரோட்டர் கிராங்கோடு சேர்ந்து சுற்றும். வெளி ரோட்டர் அதற்கு வெளியே மோதிரம் போல இருக்கும். உள் ரோட்டருக்கு வெளி ரோட்டரை விட ஒரு பல் குறைவு. ஆட்டுக்கல்லில் குழவி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுற்றுமே, அந்த மாதிரி. ஒரு பக்கம் இடைவெளி விரியும்போது ஆயிலை உறிஞ்சுகிறது, மறுபக்கம் சுருங்கும்போது அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் அளவுக்கு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி விடும். அவ்வளவுதான் இயந்திரம்.

ஆயில் போகும் வரிசையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்ப், ஸ்ட்ரெய்னர் வலை, பம்ப், அதற்கப்புறம்தான் ஃபில்டர், பிறகு பேரிங்குகள். அதாவது இன்ஜினில் உள்ள முக்கிய உறுப்புகளில் வடிகட்டாத ஆயிலைக் குடிப்பது பம்ப் ஒன்றுதான். வலை பெரிய துண்டுகளைத்தான் தடுக்கும். மணல் பொடி, உலோகப் பொடி எல்லாம் நேரே ரோட்டருக்குள் போகும். பம்ப் தேய்ந்திருக்கிறது என்றால், ஏதோ ஒன்று அதன் வழியாகப் போயிருக்கிறது என்று பொருள்.

கழற்றும் முன் விசாரணை

விளக்கு எப்படி எரிகிறது என்பதே பாதி பதில்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று எரிந்து, கூடவே இன்ஜினில் கடகடவென்று சத்தமும் வந்தால், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள். வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். எப்போதும் எரிகிறது, ஆனால் சத்தம் துளியும் இல்லை என்றால் ஆயில் பிரஷர் சுவிட்ச் மேல் சந்தேகப்படலாம். சூடான பிறகு, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) மட்டும் மினுக்கினால் அழுத்தம் உண்மையிலேயே குறைகிறது என்பதற்கு வாய்ப்பு அதிகம். காரணம் நீர்த்துப்போன ஆயிலாக இருக்கலாம், பம்பாக இருக்கலாம், பேரிங் தேய்மானமாகவும் இருக்கலாம். சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லையா? அதுவும் கோளாறுதான். பல்போ ஒயரோ போயிருக்கும், உங்களுக்கு எச்சரிக்கையே வராது.

முதலில் டிப்ஸ்டிக். அளவு பார்த்தால் மட்டும் போதாது, முகர்ந்து பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கும். அளவு கூடிக்கொண்டே போகும், ஆயில் தண்ணீராக ஓடும், பெட்ரோல் வாடை அடிக்கும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அது ஹெட் கேஸ்கெட் விவகாரம், இந்தக் கட்டுரைக்கு வெளியே.

அடுத்து அழுத்தமானி. இதைச் செய்யாமல் யாரும் பம்பைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி. பிளாக்கில் உள்ள பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் கேஜின் அடாப்டரை மாட்ட வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், மற்ற ஊர்களில் டூல்ஸ் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். மரை பொருந்துகிறதா என்று கடையிலேயே பழைய சுவிட்சோடு ஒப்பிட்டு வாங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் வைத்துப் பார்க்கும்போது முள் சதுர செ.மீ.க்கு 3 கிலோவைத் தாண்டி நிற்க வேண்டும். விளக்கு சுவிட்சோ அரை கிலோவுக்கும் கீழே போனால்தான் எரியும். அதாவது விளக்கு அணைந்திருப்பது நல்ல அழுத்தத்துக்கு அத்தாட்சி அல்ல. கேஜில் சரியான அழுத்தம் காட்டினால் மகிழ்ச்சியாகப் புது சுவிட்ச் ஒன்று வாங்கி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டிவிட்டு, காப்பி குடிக்கப் போகலாம்.

அழுத்தம் குறைவாக இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, மேனுவலில் சொன்ன கிரேடு ஊற்றி, திரும்ப ஒருமுறை அளந்து பாருங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால், குறிப்பாகச் செம்பு நிறத்தில் தெரிந்தால், பேரிங் மேல்தோல் தேய்ந்து அடியில் உள்ள உலோகம் வந்துகொண்டிருக்கிறது. அப்போது புதுப் பம்ப் எதையும் காப்பாற்றாது. பேரிங் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்க வேண்டும். அது விரிந்துவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்; எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் நிற்காது. அந்தச் செலவை இன்ஜின் வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

10, 12, 14, 17 சாக்கெட்டுகள், நீளமான எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இலைகள்), நேரான விளிம்புள்ள ஸ்டீல் ஸ்கேல், தட்டினால் திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட். ஃபீலர் கேஜில் 0.05 முதல் 0.35 வரை இலைகள் இருக்கட்டும்.

ஜாக் ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

சாமான்கள்: புதுப் பம்ப் (வேண்டுமா என்று அளந்த பிறகு முடிவு செய்யலாம், ஆனால் கடை தூரம் என்றால் திருப்பித் தரும் பேச்சோடு முன்கூட்டியே வாங்கி வையுங்கள்), பம்ப் கேஸ்கெட், கிராங்க் முன் சீல், ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங், சம்ப் கேஸ்கெட் அல்லது சிலிகான், ஆயில் ஃபில்டர், மேனுவலில் உள்ள அளவுக்கு ஆயில், வடிகால் போல்ட்டின் வாஷர். டைமிங் பெல்ட்டின் வயது தெரியாவிட்டால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எப்படியும் கழற்றத்தான் போகிறோம். பின்னால் ஒருநாள் அதற்கென்று இதே வேலையை இன்னொரு தடவை செய்ய வேண்டாம். சென்னை புதுப்பேட்டையின் உடைசல் கடைகளில் பழைய பம்ப் மலிவாகக் கிடைக்கும். பானெட், கதவு வாங்கப் போகலாம். பம்புக்குப் போக வேண்டாம். அந்த இன்ஜின் ஏன் உடைசலுக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று: பழைய முட்டை அட்டை. கழற்றும் போல்ட்டுகளை வரிசையாக ஒவ்வொரு குழியில் போட்டுப் பேனாவால் பெயர் எழுதுங்கள். பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. குட்டை இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். டைமிங் பெல்ட் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினால் கை தாராளமாகப் போகும்.

ஆயிலை வடியுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் டிரம் வைத்திருப்பார்கள்.

ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி இருந்தால் அதன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று வரிசையாக வெளியே எடுங்கள். கிராங்கின் நடு போல்ட்டைக் கழற்ற, இன்ஜின் சுற்றாமல் பூட்ட வேண்டும். சம்ப்பை இறக்குவதற்காகக் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்தகட்டை எப்படியும் எடுப்போம். அதை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகக் கனமான திருப்புளியை ஃப்ளைவீல் பல்லில் கொடுத்து நிறுத்தலாம். ஒருவர் கீழே பிடிக்க வேண்டும், ஒருவர் முறுக்க வேண்டும். எனக்கு என் மைத்துனர் பிடித்தார். இருபது வருடப் போல்ட் “டக்” என்று விட்டபோது இரண்டு பேரும் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தோம்.

ஆனால் அந்த நடு போல்ட்டைத் தளர்த்திய பிறகு, பெல்ட்டைக் கழற்றும் முன், நிறுத்துங்கள். கிராங்கைக் கடிகாரச் சுற்றில் திருப்பி, கிராங்க் பல்சக்கரத்தில் உள்ள புள்ளியைப் பம்ப் கேஸில் உள்ள அம்புக்குறிக்கு நேராக நிறுத்துங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லியின் குறியும் மேலே அதற்கான வெட்டுக்கு நேராக வர வேண்டும். வரவில்லையென்றால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். கேம், கிராங்கின் பாதி வேகத்தில்தானே சுற்றுகிறது. இரண்டும் நேரானதும் வெள்ளைப் பெயின்ட்டால் உங்கள் கையால் ஒரு கோடு போட்டு, போனில் படம் பிடித்து வையுங்கள். அப்புறம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவலாம். பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்ற வேண்டாம். பழைய பெல்ட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் சுற்றும் திசையை அதன்மேல் அம்பு போட்டுக் குறியுங்கள். பல்சக்கரத்தை வெளியே எடுக்கும்போது, அதைக் கிராங்கோடு பூட்டும் சிறு உலோகச் சாவித்துண்டு கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்ப்புக்கு வருவோம். சைலன்சரின் முன்குழாய் குறுக்கே வந்தால் அதைத் தளர்த்த வேண்டும். அதன் நட்டுகள் துருப்பிடித்திருக்கும். முந்தின நாள் இரவே துருநீக்கி அடித்து ஊறவிட்டால் கழுத்து முறியாது. சம்ப் போல்ட்டுகளை எல்லாம் எடுத்த பிறகும் அது கீழே இறங்காது, ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரங்களில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் பிளாக்கின் முகம் கீறும், தகடு வளையும், பிறகு காலம் முழுக்க ஆயில் கசியும்.

சம்ப்பை உடனே துடைத்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அடியை விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையதில் நறநறவென்றது. ஸ்ட்ரெய்னர் வலையைப் பார்த்தால், பாதி வலையில் சாம்பல் நிறச் சிலிகான் நெளிநெளியாக, சேமியா மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் முன்பு சம்ப் கசிவுக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். அவர்கள் சிலிகானைப் பற்பசை மாதிரி தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்த வால்கள்தான் அறுந்து விழுந்து வலையில் சேர்ந்தன. பழைய கேஸ்கெட்டை உப்புத்தாளால் தேய்த்த பொடியையும் கழுவாமல் மூடியிருக்கிறார்கள். அந்தப் பொடியைப் பம்ப் குடித்திருக்கிறது.

ஸ்ட்ரெய்னரைக் கழற்றி அதன் ஓ-ரிங்கைப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ, பம்ப் அந்த இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சும். உறிஞ்சு குழலில் ஓட்டை இருந்தால் இளநீர் மேலே ஏறாது அல்லவா, அதேதான். நல்ல பம்பையும் மோசமானதாகக் காட்டும் ஐந்து ரூபாய் சமாசாரம் இது.

இனி பம்ப். ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டிப்ஸ்டிக் குழாய் என்று எதாவது கேஸைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை விடுவியுங்கள். பம்ப் போல்ட்டுகளை எடுத்து, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, கிராங்குக்கு நேராக வெளியே இழுங்கள். பிளாக்கில் இரண்டு பொசிஷன் பின்கள் இருக்கும்; அவை கேஸோடு வந்துவிட்டனவா, பிளாக்கிலேயே நிற்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அளப்பது

பம்பின் முதுகில் உள்ள தகட்டின் ஸ்க்ரூக்கள் பிடிவாதமானவை. சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் தலை வழுக்கி மொழுக்கையாகிவிடும். இம்பாக்ட் டிரைவரை வைத்து ஒரே தட்டு. தகட்டை எடுத்ததும் ரோட்டர்களின் மேல்முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். எந்த முகம் வெளியே இருந்தது என்பது திரும்பப் போடும்போது தேவைப்படும். பஞ்ச் வைத்துத் தட்டிக் குறி போடாதீர்கள், முகம் மேடாகிவிடும்.

எல்லாவற்றையும் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவி உலர்த்துங்கள். நூல் பிரியும் துணி வேண்டாம். பனியன் வேஸ்ட் வாங்கினால்கூட உதறிப் பார்த்து வாங்குங்கள். ஒரு நூல் போதும், ரிலீஃப் வால்வை நிறுத்த.

முதலில் கண், பிறகு நகம், கடைசியில்தான் கேஜ். ரோட்டர் முகத்திலும் கேஸின் உட்சுவரிலும் தகட்டிலும் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். கோடு தெரிந்தாலும் நகம் தட்டாவிட்டால் பரவாயில்லை. நகம் மாட்டிக்கொண்டு தடுக்கினால் அது பள்ளம். அந்தப் பகுதியை மாற்ற வேண்டும். தேய்த்துச் சரிசெய்யலாம் என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இடைவெளி கூடும்.

அளவுகள் இரண்டு முக்கியம்.

ஒன்று, வெளி ரோட்டருக்கும் கேஸ் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. ரோட்டர்களை உள்ளே வைத்து, ஃபீலர் இலையைச் சுவரோரம் நுழையுங்கள். சுசுகி இந்தக் குடும்ப இன்ஜின்களுக்குச் சொல்லும் எல்லை 0.310 மி.மீ. நான்கு இடத்தில் அளந்து மிக அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் சுற்றிலும் ஒரே சீராக இருப்பதில்லை.

இரண்டு, பக்க இடைவெளி. கேஸின் முகத்துக்குக் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, ஸ்கேலுக்கும் ரோட்டருக்கும் நடுவே இலையை விடுங்கள். எல்லை 0.15 மி.மீ. இதுதான் பெரும்பாலும் தோற்றுப்போகும் இடம். அளக்கும் முன் கேஸ் முகத்தில் பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு துணுக்கு ஸ்கேலைத் தூக்கிவிட்டால் நல்ல பம்பையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

இலை எப்படி நுழைய வேண்டும் என்பது பழக்கத்தில் வருவது. தோசைக் கல்லில் பிடித்த தோசையைக் கிளப்புவது போலத் தள்ளினால் அளவு தப்பு. லேசாக இழுபட்டு, ஆனால் வளையாமல் போக வேண்டும். 0.15 தாராளமாக நுழைகிறது, 0.20 இழுபட்டு நுழைகிறது, 0.25 நுழையவே இல்லை என்றால் உங்கள் அளவு 0.20. என்னுடையது அதுதான். சுவர் இடைவெளி 0.22, எல்லைக்குள். பக்க இடைவெளி எல்லையைத் தாண்டிவிட்டது, தகட்டில் நகமும் தடுக்கியது. தீர்ப்பு: புதுப் பம்ப்.

ரிலீஃப் வால்வையும் விடாதீர்கள். அதன் குண்டு தன் துளைக்குள் சொந்த எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, அழுக்கால் குண்டு திறந்த நிலையில் மாட்டியிருந்தாலோ, பம்ப் தள்ளுவதெல்லாம் திரும்பிப் போய்விடும். அழுத்தம் இல்லாததற்கு இது மட்டுமே காரணமாக இருந்து, கழுவியதும் சரியான பம்புகளும் உண்டு. அளவுகள் எல்லைக்குள் இருந்தால் பழைய பம்பையே புது சீலோடு திரும்பப் போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு மிச்சம்.

புதுப் பம்பையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். தகட்டைத் திறந்து, அதே இரண்டு அளவையும் எடுத்துப் பாருங்கள். சந்தையில் போலிகள் உண்டு. பெட்டியும் ஹாலோகிராமும் அச்சடிப்பவனுக்கு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் பத்துப் பங்கைச் சரியாகக் கடைவது அவ்வளவு சுலபம் அல்ல.

மாட்டுவது

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்யும்போது சம்ப் பக்கம் திறந்தே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சுரண்டும் துணுக்குகள் உள்ளே விழாமல், கீழேயிருந்து துணியை அடைத்து வைத்துச் சுரண்டுங்கள். வேலை முடிந்ததும் துணியை எண்ணி எடுங்கள்.

புது சீலைக் கேஸில் சமமாக இறக்குங்கள். பெரிய சாக்கெட் ஒன்றை மேலே வைத்துத் தட்டலாம். சீலின் உதட்டில் ஆயில் தடவுங்கள். கிராங்க் முனையின் கூரான விளிம்பு உதட்டைக் கிழிக்கும். அதற்கென்று தனி வழிகாட்டிக் குழாய் உண்டு, நம்மிடம் இருக்காது. கிராங்க் முனையில் வழுவழுப்பான டேப்பை ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் ஆயில் தடவி, சீலை மெல்லத் தள்ளிவிட்டு டேப்பை உருவிவிடுங்கள்.

ரோட்டர்களுக்கு நடுவே வாசலைன் அப்புங்கள். காய்ந்த பம்பால் ஆயிலை உறிஞ்சி மேலே ஏற்ற முடியாது. வாசலைன் இடைவெளியை அடைத்து முதல் உறிஞ்சலைக் கொடுக்கும், பிறகு சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். கிரீஸ் வேண்டாம், அது சீக்கிரம் கரையாது.

பின்கள் இரண்டும் இடத்தில், கேஸ்கெட் இடத்தில், உள் ரோட்டரைக் கிராங்கோடு பொருத்தி, கேஸைக் கையால் முழுவதும் தள்ளி உட்கார வையுங்கள். உட்காரவில்லை என்றால் போல்ட்டால் இழுக்க நினைக்காதீர்கள். ரோட்டர் பொருந்தவில்லை என்று அர்த்தம். முறுக்கினால் கேஸ் விரியும். வெளியே எடுத்து ரோட்டரைச் சற்றுத் திருப்பி மறுபடி தள்ளுங்கள். 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும், குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிறகு கீழேயிருந்து பாருங்கள்: பம்ப் கேஸ்கெட்டின் முனை, சம்ப் உட்காரும் முகத்தில் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சமமாக வெட்டுங்கள். இந்த ஒரு மில்லிமீட்டரை விட்டால், சம்ப்பின் அந்த மூலை என்றும் கசியும்.

வாட்டர் பம்புக்கும் இந்தக் கேஸுக்கும் நடுவே ரப்பர் சீல் இருந்திருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். ஸ்ட்ரெய்னரைப் புது ஓ-ரிங்கோடு மாட்டுங்கள், ஓ-ரிங்கில் ஆயில் தடவ மறக்காதீர்கள்.

சம்ப்பைக் கழுவி, அதன் விளிம்பு வளைந்திருந்தால் கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்குங்கள். அனபாண்ட் போன்ற சிலிகான் போடுவதாக இருந்தால் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக. “எதற்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு கோடு போட்டுவிடாதீர்கள். என் ஸ்ட்ரெய்னரில் கிடந்தது அந்த இன்னொரு கோடுதான். கார்க் கேஸ்கெட் என்றால் சிலிகானே வேண்டாம். கையால் எல்லாப் போல்ட்டையும் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரங்களுக்கு முறுக்கிக்கொண்டு போங்கள்.

டைமிங் பெல்ட். குறிகள் இரண்டும் நேராக, இழுவைப் பக்கம் தொய்வில்லாமல் போட்டு, டென்ஷனரின் ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுக்கும்படி விடுங்கள். கிராங்கைக் கையால் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பிறகு டென்ஷனரை இறுக்குங்கள். குறிகள் திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றித் திரும்பப் போடுங்கள். நடு போல்ட்டின் முறுக்கு அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் வையுங்கள். மற்றதெல்லாம் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை.

முதல் ஸ்டார்ட்

சிலிகான் உலரும் வரை ஆயில் ஊற்ற வேண்டாம். டியூபில் எழுதியிருக்கும் நேரத்தை மதியுங்கள். நான் ஒரு ராத்திரி விட்டேன். ஃபில்டரில் முக்கால்வாசி ஆயில் நிரப்பி மாட்டுங்கள். சுவிட்ச் ஓட்டையில் அழுத்தமானி இன்னும் இருக்கட்டும்.

மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைப் பிரித்து, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியானால் இன்ஜெக்டர் கப்ளர்களையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை அடியுங்கள். பிளக் இல்லாததால் இன்ஜின் சுமை இல்லாமல் சுற்றும். பத்து விநாடி அடி, அரை நிமிடம் ஓய்வு. மூன்றாவது நான்காவது முறையில் முள் அசைய வேண்டும். எனக்கு இரண்டாவது முறையே எழுந்தது. ஆறு தடவை அடித்தும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்ற ஆசை வரும், வேண்டாம். ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங் விட்டுப்போயிருக்கும், அல்லது வாசலைன் வைக்க மறந்திருப்பீர்கள்.

முள் எழுந்ததும் பிளக், ஒயர் எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் விட்டு, கீழே டார்ச் அடித்து சம்ப் ஓரத்தையும் சீல் பக்கத்தையும் பாருங்கள். ஃபேன் ஓடி நிற்கும் வரை சூடேறட்டும். பிறகு 3000 சுற்றில் அளவு. என் கேஜில் முன்பு 1.8 காட்டிய முள் 3.6இல் நின்றது. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஃபில்டர் குடித்த ஆயிலுக்கு ஈடாகக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். கேஜை எடுத்துவிட்டு சுவிட்சைத் திரும்ப மாட்டுங்கள்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரைத் தகடு வெட்டும் கத்தரியால் அறுத்து, காகிதத்தை விரித்து, மடிப்புகளுக்குள் பாருங்கள். ரம்பம் வேண்டாம், ரம்பப் பொடியே உலோகப் பொடியாகத் தெரியும். என்னுடையதில் நாலைந்து சாம்பல் நிறத் துணுக்குகள் இருந்தன, நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல நசுங்கின. எங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சிலிகான். அதற்கடுத்த ஃபில்டரில் ஒன்றும் இல்லை.